ரத்தக்கொதிப்பு கண்டுபிடித்த கார்

கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் கரிசல் ஊர்களில் ரத்தக்கொதிப்பு இல்லாதவர் யார் என்று போன வருடம் யாராவது கேட்டிருந்தால், கரிசல் வட்டார நலவாழ்வு இயக்கத்தின் காரில் இன்னும் ஏறாதவர் என்று தயங்காமல் பதில் சொல்லியிருக்கலாம். ஏறி உட்கார்ந்த எல்லோருக்கும் இருந்தது. பருத்தி எடுக்கிறவர்களுக்கு இருந்தது, ஆடு மேய்க்கிறவர்களுக்கு இருந்தது, விரதம் இருந்து இருந்து உப்பின் ருசியையே மறந்துபோன பூசாரிக்கும் இருந்தது. மறுவீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை ஒருவர் ஏசிக் காற்றுக்கு ஆசைப்பட்டு ஏறினார். அவருக்கு நூற்றுத் தொண்ணூறு. மாமனார் வீட்டில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டை அப்படியே வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு உப்பில்லாத ரசம் ஊற்றி அனுப்பினார்கள்.

இந்த இயக்கம் அரசாங்கத்தைச் சேர்ந்ததா, தனியார் அறக்கட்டளையா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா என்பது அதில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கே தெளிவாகத் தெரியாது. கோவில்பட்டியில் ஒரு மாடி அலுவலகம். திட்ட இயக்குநர் வேணுகோபால். செவிலியர் உமாராணி. ஏழு பேர் உட்காரும் வெள்ளை டீசல் கார் ஒன்று. அதை ஓட்டுவதற்கு எப்போதும்வென்றான் என்ற ஊரைச் சேர்ந்த இசக்கிதுரை. அலுவலகத்தில் மேலும் பல பேர் இருந்தார்கள். அவர்கள் இந்த நான்கையும் மேற்பார்வை செய்தார்கள்.

'காரிலேயே கவனிப்பு' என்பது திட்டத்தின் பெயர். ஊருக்குள் போய் ரேஷன் கடை முன்னால் காரை நிறுத்த வேண்டும். உமாராணி 'என் ரத்தம், என் பொறுப்பு' என்று தொடங்கும் உறுதிமொழியை வாசிப்பாள். கூட்டம் திருப்பிச் சொல்லும். பிறகு ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு நடு இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். கையில் பட்டையைச் சுற்றினால் கருவி தானாகக் காற்றடித்து, தானாகவே எண்ணைக் காட்டும். கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதற்கு வெயில் ஆகாது. எனவே முகாம் முடிகிறவரை இன்ஜினை அணைக்காமல் ஏசியை ஓடவிட வேண்டும் என்பது இயக்கத்தின் முதல் விதி. வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு வெயில் ஆகுமா ஆகாதா என்பது பற்றி விதி எதுவும் இல்லை.

கார் வாங்கிக் கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. ஓடும்போதல்ல, நிற்கும்போது. வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடினால் ஸ்டீரிங் துடிக்கும், கியர்க் கம்பி தானாகத் தலையாட்டும், கண்ணாடியில் பின்னால் நிற்கிற ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். ரிவர்ஸ் போட்டால் முன்பக்கம் அடியிலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். ஏசியைப் போட்டுவிட்டாலோ கேட்கவே வேண்டாம். நாள் முழுக்க அதில் உட்கார்ந்து இசக்கிதுரைக்கு மணிக்கட்டுக்குக் கீழே கை மரத்துப்போனது. வீட்டில் சோற்றைப் பிசையும்போது அது சோறா தண்ணீரா என்று விரலுக்குத் தெரியவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னான்.

"சார், வண்டி ரொம்பக் குலுங்குது சார்."

வேணுகோபால் நிர்வாகம் படித்தவர். எதையும் வகை பிரிக்காமல் அவரால் யோசிக்க முடியாது. "இசக்கிதுரை, குலுக்கல்ல ரெண்டு வகை இருக்கு. ஓடும்போது குலுங்கினா அது ரோட்டோட குறை. ரோடு நம்ம துறை இல்ல. சரியா?"

"இது நிக்கும்போது குலுங்குது சார்."

"நிக்கும்போது குலுங்கினா, ஓட்டுங்க."

"ஓட்டினா முகாம் எப்படி சார் நடத்துறது?"

"அது முகாம் சம்பந்தப்பட்ட கேள்வி. நீங்க ஓட்டுநர்" என்று சொல்லி அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இயக்கத்துக்கு நல்ல காலம் பிறந்தது. அதுவரை ஊருக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கிடைத்த ரத்தக்கொதிப்பு, திடீரென்று ஊர் ஊராகக் கிடைக்கத் தொடங்கியது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. வேணுகோபால் ஊழியர்களைக் கூட்டி இனிப்புக் கொடுத்துப் பேசினார். "தோழர்களே, இந்த மண்ணில் இத்தனை நாள் நோய் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? இருந்தது. கண்டுபிடிக்கத்தான் ஆள் இல்லை. இன்று நாம் தொட்ட இடமெல்லாம் நோய். இதே வேகத்தில் போனால் அடுத்த ஆண்டு ஆரோக்கியமான ஒருவரைக்கூட இந்த வட்டாரத்தில் விட்டுவைக்க மாட்டோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கிதுரையும் தட்டினான். தட்டியது கைக்குத் தெரியவில்லை.

ஊர்க்காரர்களுக்கும் காரின் மேல் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அவர்கள் அதற்கு வேறு ஒரு வேலையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இசக்கிதுரையின் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள். பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டி இடுப்பு கழன்றுபோனவள். முதல் தடவை காரிலிருந்து இறங்கியவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி சுடலி, இடுப்பப் பிடிச்சு விட்டது கணக்கா இருக்குட்டி. உளைச்சலுக்கு அம்புட்டுச் சொகம். நீயும் ஒருக்கா ஏறிட்டு வா."

சுடலி என்றால் சுடலையம்மாள், இசக்கிதுரையின் மனைவி. அவளும் அதே தீப்பெட்டி ஆபீசுதான். புருஷன் ஓட்டுகிற கார், சும்மா கிடைக்கிற சொகம். ஏறினாள். இடுப்பு வலிக்காகத்தான் ஏறினாள். நூற்றெண்பத்தைந்து வந்தது. உமாராணி மாத்திரை கொடுத்து, "நிப்பாட்டிராதீங்கக்கா. நாங்க சொல்லாம நிப்பாட்டுனீங்கன்னா மூளை நரம்பு வெடிச்சிரும்" என்றும் சொல்லி அனுப்பினாள். உமாராணி பொல்லாதவள் அல்ல. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்த முகாமில் சுடலையம்மாளுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து. ஒரு மாத்திரை இரண்டாயிற்று. அதற்கடுத்த முகாமில் இருநூறு. இரண்டு மூன்றாயிற்று. அவள் வாயாடி. உலை வைப்பதற்கு முன்னால் புருஷனைத் திட்ட ஆரம்பித்தால் சோறு வடிக்கும்வரை நிறுத்த மாட்டாள். மூன்று மாத்திரைக்குப் பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். என்ன சாப்பிட்டாய் என்றால் யோசிப்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் சுவரைப் பிடிப்பாள். ஒருநாள் பிடிக்கச் சுவர் இல்லாத இடத்தில் எழுந்து, தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் விழுந்து, நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அப்போதும் அழவில்லை. இசக்கிதுரைக்குத்தான் பயமாக இருந்தது. இத்தனை வருடம் வாங்கிய திட்டுக்கு இப்படி ஏங்குவோம் என்று அவன் நினைத்ததே இல்லை.

கோவில்பட்டியில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் பழைய மாடல் கருவியில் பார்த்துவிட்டு, "தொண்ணூறுதான் இருக்கு. மாத்திரை அருமையா வேலை செய்யுது" என்றார்.

"சார், அவளுக்கு நோயே இல்லாம இருக்குமோ?"

"நோய் இல்லாமலா மூணு மாத்திரை குடுத்திருப்பாங்க? வேணும்னா குறைக்கலாம். ஆனா ஆரம்பிச்சவங்கதான் குறைக்கணும். இன்னொருத்தர் கேஸ்ல நான் கைவைக்க முடியாது."

ஆரம்பித்தவரிடம் போனான். வேணுகோபால் நிதானமாகக் கேட்டார். "வெளியில பார்த்தா தொண்ணூறு, நம்ம கார்ல பார்த்தா இருநூறு. இதுல இருந்து என்ன தெரியுது?"

"தெரியல சார்."

"வெளியில இருக்கிற கருவி எல்லாம் பழுதுன்னு தெரியுது. அடுத்த முகாம்ல நாலு மாத்திரையாக்கச் சொல்லுறேன். கவலைப்படாதீங்க."

இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. போகவில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு விழா. வேணுகோபால் சிறப்பு விருந்தினர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வழியில் காரை நிறுத்திக் காப்பி வாங்கினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் வாயைத் தேடுவதற்குள் காப்பி பூராவும் மார்பில் இறங்கிவிட்டது. சிறப்பு விருந்தினர் விழா முடியும்வரை நெஞ்சை மறைத்துப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வண்டி வச்சிருக்கீங்க? நாளைக்குள்ள சரிபண்ணுங்க!" என்று திரும்பும் வழியில் கத்தினார். குலுக்கலில் மூன்றாவது வகை ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

எட்டயபுரம் ரோட்டில் ராஜபாண்டியின் ஒர்க்‌ஷாப். ராஜபாண்டி நல்ல மெக்கானிக்தான். ஆனால் பேனட்டைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். வாடிக்கையாளருக்குப் பயம் வர வேண்டும் என்பதற்காக. அன்றும் நின்றான். பிறகு பேனட்டைத் தூக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஏறி உக்காரும். பிரேக்க நல்லா மிதிச்சுக்கிடும். ஒண்ணாம் கியரப் போட்டு கிளட்ச்ச லேசா விடும்... லேசா... போதும் போதும். இப்ப ரிவர்ஸு."

இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி 'டொக்' என்று உட்கார்ந்தது. கிளம்ப மனமில்லாத விருந்தாளி எழுந்து எழுந்து உட்காருவது போல மறுபடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

"பாத்தேரா? மவுண்டிங் போச்சு. இன்ஜின் இந்த ரப்பர் மேலதாம்லா உக்காந்திருக்கு. இது வெடிச்சுட்டுன்னா இன்ஜின் ஆடுத ஆட்டம் பூரா பாடிக்கு வந்துரும். பாடியில இருந்து ஸ்டீரிங், ஸ்டீரிங்ல இருந்து உம்ம கை. இந்தா பாரும், உள்ள இருந்த எண்ணெய் எல்லாம் ஒழுகிக் காஞ்சு கெடக்கு. எவ்வளவு நாளாவே இப்படி ஓட்டுதீரு?"

இன்ஜினுக்கு அடியில் ஒரு பலகையை வைத்து ஜாக்கியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, போல்ட்டைக் கழற்றி, ஒன்றை மாட்டிய பிறகு அடுத்ததைக் கழற்றி, எல்லா மவுண்டிங்கையும் மாற்றினான். வெளியே வந்த பழைய ரப்பர் வெயிலில் கிடந்த கரிசல் மண்ணைப் போல் வெடித்திருந்தது. இசக்கிதுரை சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று மறுபடி திருப்பினான். 'கிரீச்' என்று இன்ஜின் அலறியது. அது முதல் தடவையே ஸ்டார்ட் ஆகியிருந்தது. ஆடாததால் அவனுக்குத் தெரியவில்லை. அவன் வெகுநாள் கழித்துச் சிரித்தான்.

அடுத்த நாள் எப்போதும்வென்றானில் முகாம். உறுதிமொழி முடிந்து முதல் ஆள் ஏறினார். நூற்றுப் பதினெட்டு. உமாராணி கருவியைத் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது ஆள் நூற்று இருபது. பூசாரி நூற்றுப் பத்து. மத்தியானத்துக்குள் ஊரில் ரத்தக்கொதிப்பு என்று சொல்ல நிஜமாகவே ரத்தக்கொதிப்பு இருந்த இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லை. சுடலையம்மாளுக்கு எண்பத்தாறு வந்தது. உமாராணியின் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா, உங்களுக்குத் தல சுத்துதா?"

"சுத்துது தாயி. ரொம்ப நாளாச் சுத்துது. சுத்தணும்போலன்னு இருந்துட்டேன்" என்றாள் சுடலையம்மாள்.

உமாராணி மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்க இயக்குநருக்குப் போன் போட்டாள். கருவி பழுது, யாருக்கும் எதையும் குறைக்காதே, உடனே வண்டியைத் திருப்பு என்று பதில் வந்தது. ஊர்க்காரர்களும் கோபத்தில்தான் இருந்தார்கள். "என்னலே இசக்கி, வண்டி ஒரு வேலையும் செய்யல? செருப்பக் கழட்டுனதுதான் மிச்சம்" என்றாள் பேச்சித்தாய்.

மறுநாள் அவசரக் கூட்டம். வேணுகோபால் எழுந்து நின்று பேசினார்.

"ஒரே நாளில் ஓர் ஊரே குணமாகிவிட்டது. இதைவிடப் பெரிய பேரிடர் நம் இயக்கத்துக்கு வந்ததில்லை. இத்தனை நாள் நம்மை நம்பி நோயோடு வாழ்ந்த மக்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வேன்? நோய் எங்கே போயிற்று? யார் எடுத்தார்கள்?"

மழை பெய்ததால் இருக்கலாம் என்றார் ஒருவர். மழை பெய்யவில்லை என்று இன்னொருவர் நினைவூட்டினார். நம் வளர்ச்சி பிடிக்காத வெளியாட்களின் வேலை என்றார் மூன்றாமவர். அதை எல்லோரும் ஆமோதித்தார்கள். பின்வரிசையில் நின்ற இசக்கிதுரை கையைத் தூக்கினான்.

"சார், இன்ஜின் மவுண்டிங் மாத்தினோம்லா. அதுக்கப்புறம் வண்டி குலுங்கல. வேற ஒண்ணும் மாறல சார்."

எல்லோரும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநருக்கு விஷயம் விளங்கிவிட்டது, எல்லாம் தப்பு என்று இப்போது சொல்லிவிடுவார், சுடலியின் மாத்திரையை இன்றைக்கே நிறுத்திவிடலாம் என்று இசக்கிதுரை நினைத்தான்.

இயக்குநருக்கு விளங்கத்தான் செய்தது. "அப்படியானால்" என்று மெதுவாகச் சொன்னார், "பழைய மவுண்டிங் கருவியின் ஒரு பாகம். கருவியின் பாகத்தை ஒரு ஓட்டுநர் கழற்றி எறிந்திருக்கிறார்."

பழையதையே திரும்ப மாட்ட வேண்டும் என்று கூட்டம் ஒருமனதாக முடிவு செய்தது. கூட்டம் கலைந்த பிறகு இசக்கிதுரை அவர் அறைக்குள் போனான்.

"சார், எம் பொண்டாட்டி செத்துருவா சார். ஒண்ணுமில்லாத சீக்குக்கு மூணு மாத்திரை திங்கா. அவளுக்கு மட்டும் நிப்பாட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கா, நரம்பு வெடிச்சிரும்னு பயப்படுதா. நீங்க சொன்னாக் கேப்பா."

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் பொல்லாதவர் அல்ல. "உட்காருங்க. உங்க மனைவிக்கு நோய் இல்லைன்னு நான் இன்னைக்குச் சொல்லுறேன்னு வைங்க. அதே கார்ல, அதே கருவியில, அதே மாதிரி நம்பர் வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும் இல்லைன்னு ஆகுது. அவங்களுக்கு இல்லைன்னா அந்த ஊருக்கே இல்ல. ஊருக்கு இல்லைன்னா இயக்கம் எதுக்கு? இயக்கம் இல்லைன்னா கார் எதுக்கு? கார் இல்லைன்னா நீங்க எதை ஓட்டுவீங்க? உங்க குடும்பத்து நன்மைக்குத்தான் சொல்லுறேன். அவங்க நோயாளியா இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது."

பழைய மவுண்டிங்கைத் தேடிக்கொண்டு மறுபடி ராஜபாண்டியிடம் போனார்கள். குப்பையில் ஒன்றுதான் அகப்பட்டது. மற்றவை பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன. "புதுசக் கழட்டிட்டு வெடிச்சத மாட்டச் சொல்லி என் தொழில்ல நீருதாம்வே மொதோ ஆளு. பாவம்வே இது" என்று ராஜபாண்டி தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் மாட்டினான். விபத்தில் நொறுங்கிக் கிடந்த காரிலிருந்து இன்னொன்றைக் கழற்றினான். போதாததற்கு ஒரு புது ரப்பரைக் கத்தியால் கீறினான்.

தரச் சோதனைக்கு இயக்குநரே நேரில் வந்தார். காரின் டேஷ்போர்டில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்து இன்ஜினை ஓடவிட்டார்கள். முதல் தடவை சிந்தியது போதவில்லை. ரப்பரை இன்னும் கொஞ்சம் கீறினார்கள். இரண்டாம் தடவை பாதித் தண்ணீர் கொட்டியது. வேணுகோபாலின் கண் கலங்கிவிட்டது. "இதேதான். இதேதான்" என்றார்.

நோய் திரும்பியது. அடுத்த மாதமே இயக்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஒரு முகாமையே மேடையில் நடத்திக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. எப்போதும்வென்றானில் பந்தல் போட்டு, மேடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முன்னாலும் காரில் ஏறிக் காட்டுவதற்கு ஒரு முன்மாதிரி நோயாளி வேண்டும். இருப்பதிலேயே அதிக எண் சுடலையம்மாளுக்குத்தான் இருந்தது. அவளுக்கு இப்போது நாலு மாத்திரை. பட்டுப்புடவை கட்டி, பேச்சித்தாய் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் வந்தாள்.

"சுகரு இல்ல, ஒண்ணுமில்ல. ஆளு பாதியாப் போயிட்டாளேலே" என்று பேச்சித்தாய் இசக்கிதுரையின் காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

சுடலையம்மாள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் இசக்கிதுரை அவள் முகத்தைப் பார்த்தான். குலுக்கலில் அது இரண்டாகத் தெரிந்தது. இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை. உமாராணி பட்டையைச் சுற்றினாள். மேடையில் வேணுகோபால் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தச் சகோதரிக்கு ஆண்டின் தொடக்கத்தில் நூற்றெண்பத்தைந்து. இயக்கத்தின் இடைவிடாத சிகிச்சையின் பயனாக இருநூற்றுப் பத்து! இன்று இன்னும் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்ப்போம்."

உமாராணி கருவியின் பொத்தானை அழுத்தினாள். இசக்கிதுரை சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

யோசித்துச் செய்யவில்லை. செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தான். போகட்டும் என்றும் நினைத்தான். அதிர்வு நின்றது, ஏசி நின்றது, காருக்குள் வெயில் வந்தது. கருவி மட்டும் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. உமாராணி அவனைப் பார்த்தாள். எண் வந்ததும், பழக்க தோஷத்தில், கழுத்தில் மாட்டியிருந்த மைக்கில் சத்தமாகப் படித்துவிட்டாள்.

"எண்பத்திரண்டு."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேணுகோபால் கார்க் கண்ணாடி வழியாக இசக்கிதுரையைப் பார்த்தார். அவன் கையையும் சாவியையும் பார்த்தார். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா! இருநூற்றுப் பத்திலிருந்து எண்பத்திரண்டு! உங்கள் கண் முன்னால், இந்த மேடைக்குப் பக்கத்தில், ஒரே அமர்வில் குணம்! நோயைக் கண்டுபிடிக்கும் இயக்கம் என்றுதான் நம்மை இதுவரை சொன்னார்கள். இன்று முதல் நாம் குணப்படுத்தும் இயக்கம்! அம்மா, உங்களுக்கு இனி மாத்திரையே வேண்டாம். நான் சொல்லுகிறேன், நிறுத்திவிடுங்கள்!"

பந்தல் அதிரக் கைதட்டல். மேலிடத்துக்காரர் ஒருவர் எழுந்து வந்து சுடலையம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். உமாராணி கழுத்து மைக்கைக் கழற்றிவிட்டு, எந்த மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அவள் காதில் சொன்னாள். அந்த விழாவில் இயக்கத்துக்காரர்கள் மைக் இல்லாமல் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அன்று முதல் சுடலையம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். முதலில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். பிறகு ரசத்தில் உப்பு இல்லை என்று கண்டுபிடித்தாள். ஒருநாள் காலையில் உலை வைக்கும்போது, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அவனை ஆரம்பித்தவள் சோறு வடிக்கும்வரை விடவில்லை. இசக்கிதுரை கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இயக்கமும் சும்மா இருக்கவில்லை. விழா நடந்த மறுவாரமே புது நடைமுறை வந்தது. இன்ஜின் ஓடும்போது பார்ப்பது பரிசோதனை. இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்ப்பது சிகிச்சை. பரிசோதனை வாரம்தோறும் நடக்கும். சிகிச்சை வருடத்துக்கு ஒருமுறை, ஆண்டு விழா மேடையில் மட்டும், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு நடக்கும். இடையில் யாருக்காவது சாவியைத் திருப்பினால் அது சிகிச்சையை வீணடிப்பதாகும். இசக்கிதுரையின் பதவிப் பெயர் ஓட்டுநர் என்பதிலிருந்து சிகிச்சை உதவியாளர் என்று மாறியது. மார்பில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும், கைக்கு மெத்தை வைத்த கையுறையும் கொடுத்தார்கள். கையுறை மிகவும் வசதியாக இருந்தது. குலுக்கல் அவ்வளவாகத் தெரியவில்லை. வாரம் தவறாமல் ரேஷன் கடை முன்னால் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டு, உறுதிமொழியைக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

பேச்சித்தாய்க்கு மூன்று மாத்திரை ஆகியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சுடலையம்மாள் தூக்குவாளியைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றாள்.

"பேச்சி விழுந்துட்டா. இன்னைக்கு ஆபீசுக்கு வராம மக்காச்சோளக் காட்டுக்குப் போயிருக்கா, அங்கன வரப்புலயே விழுந்து கெடந்திருக்கா. கை முறிஞ்சுபோச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காவ."

"அடப் பாவமே" என்றான் இசக்கிதுரை.

"போன வாரம் அவ கார்ல ஏறும்போது உங்ககிட்ட என்ன கேட்டா? எனக்கும் அந்தச் சாவியத் திருப்பிவிடுலேன்னு கேட்டாளா இல்லையா? எங்கிட்டச் சொன்னா. ஒரு திருப்பு திருப்பியிருக்கலாம்லா? எனக்குத் திருப்புனியள்லா?"

இசக்கிதுரை சின்னத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கேள்வி ஒன்றும் கடினமானதாக அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்படிக் கண்ட நேரத்துல திருப்பக் கூடாது சுடலி. அது சிகிச்சை. ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் கெடக்கு. அவ பேரச் சொல்லி வைக்கேன்."

சுடலையம்மாள் திட்டுவாள் என்று பார்த்தான். அவள் திட்டவில்லை. அவள் மாத்திரை தின்ற நாட்களில் அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது போல, அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் சொன்னதில் என்ன தப்பு என்று இசக்கிதுரைக்கு விளங்கவில்லை. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.